இனி ரோசிக்கு என்ன செய்யலாம்

எங்கள் நாய் ரோசிக்குப் புற்றுநோய். பின்காலுக்குக் கிட்ட உள்ள முலையில் வந்த கட்டி, இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது. அவளுக்கு 12 வயது தாண்டிவிட்டது. "மருந்தில்லை எண்டா விட்டிடுங்க டீச்சர், அது பாட்டுக்குக் கிடந்து போகட்டும்" என்று பலரும் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் நொந்துபோனது. குணப்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேலையே தொடங்கியது. வயதான நாய் இருக்கிற வேறு வீட்டுக்காரருக்கு உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2011 ஜனவரி வெள்ளத்தில் கிடைத்தவள் ரோசி. வீடு மூழ்கிய சனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். தண்ணீர் வடிந்து எல்லோரும் திரும்பிப் போன பிறகு ஒரு வகுப்பறையில் வாங்குக்குக் கீழே இந்தக் குட்டி மட்டும் மிச்சம். சைக்கிள் கூடையில் வைத்து மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து நான் பரீட்சைத் தாள் திருத்துகிற ஒவ்வொரு இரவும் மேசைக்குக் கீழே, என் காலில் தாடையை வைத்தபடி இருந்திருக்கிறாள்.

கட்டியை முதலில் கண்டது அம்மா. டொக்டர் ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார். பெண் நாய்களுக்கு முலையில் வரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி கெட்டவை என்றார். முதல் தடவை இரத்தம் போகுமுன் கருத்தடை செய்த நாய்களுக்கு இது மிக அரிதாகத்தான் வருமாம். கருத்தடையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்தப் பாதுகாப்புக் குறைந்துவிடும். பெண் குட்டி வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேணும்.

"நாய்க்கும் கென்சர் வருமா மனே?" என்று அம்மா கேட்டார். எங்கள் பக்கத்தில் கென்சர் என்றால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலை. பெரியப்பாவுக்கு வந்தபோது அவரோடு போய் நின்றவர் அம்மா. அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. மறுநாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நாய்க்கா இப்படி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் வெட்டலாமா இல்லையா என்று சொல்ல முடியும் என்று டொக்டர் பேராதனைக்குக் கடிதம் தந்தார். அங்கே பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று வான் பிடித்தோம். செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை என்று போய், பதினெட்டு வளைவு ஏறும்போது பாவம், வாந்தி எடுத்துவிட்டாள். போகிறவர்கள் நாயை வெறும் வயிற்றோடு கொண்டுபோங்கள், பழைய துணி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வட்டங்கள். அதற்குப் பிறகு முலைக் கட்டியை வெட்டி எடுத்தாலும் நோய் நிற்காது. புண்ணாகி உடைகிற கட்டியை ஆறுதலுக்காக வெட்டுவது உண்டுதான். ஆனால் இந்த வயதில், இந்த நுரையீரலோடு மயக்க மருந்து கொடுப்பதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் தெளிவு இருக்கிறது.

சரி, பிறகு என்ன செய்வது? எங்கள் வீட்டில் முதல் எதிரி இலையான். கட்டி உடைந்து கசியத் தொடங்கிய நேரம் கச்சான் காற்று அடிக்கிற மாதம். அந்த வெக்கையில் இலையான் முட்டை இட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வந்துவிடும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் காலையும் மாலையும் கழுவி, துணி வைத்து, அதற்கு மேல் தம்பியின் பழைய பெனியனைப் போட்டுக் கட்டுகிறோம். பகலில் நுளம்பு வலைக்குள் படுக்கிறாள். மாட்டுப் புண்ணுக்குப் போடுவதுபோல மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தோல் எரியும், நக்கினால் நஞ்சு.

அடுத்தது வலி. நாய் வலியைக் கத்திக் காட்டாது. ரோசி படலையடிக்குப் போவதை நிறுத்தினாள், படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள், கையைக் கிட்டக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள். இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகம் சரி என்று பார்த்த பிறகுதான் டொக்டர் மெலொக்சிகம் என்ற வலி மருந்தை எழுதினார். சாப்பாட்டோடு மட்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவை. வாந்தி வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ உடனே நிறுத்தவேணும். வீட்டில் கிடக்கிற டைக்குளோபினக், ஐபுபுரோபன் போன்ற மனிதருக்கான வலிக் குளிசை எதையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும், சிறுநீரகமும் போய்விடும். மருந்து தொடங்கிய சில நாட்களில் அவள் மறுபடி படலையடிக்குப் போனாள். அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோசம் கொஞ்சமில்லை. வான் காசு, மருந்துக் காசு எல்லாம் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் எங்களுக்குக் கைகொடுத்தவர் காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் நானா. "டீச்சர், வாயில்லாச் சீவன்தானே" என்று சூடை மீன் கொஞ்சம் தனியாகப் பையில் போட்டு வைத்திருப்பார். காசு வாங்க மாட்டார். அம்மா அதை அவித்து, முள் எல்லாம் எடுத்து, சோற்றோடு பிசைந்து இளஞ்சூட்டில் வைப்பார். ஆறிய சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காத நாய், சூடு காட்டினால் மணத்துக்கு எழும்பி வருகிறது.

இரவில் அவள் தூங்கும்போது மூச்சை எண்ணுகிறேன். தூங்குகிற நாய்க்கு நிமிடத்துக்கு 30க்குள் இருக்கவேணும். கூடிக்கொண்டே போனால் டொக்டருக்குச் சொல்லவேணும். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருகப் புற்றுநோய் வைத்தியர் ஒரு புள்ளி முறை வைத்திருக்கிறார். வலி, பசி, நீர், துப்புரவு, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்று 7 விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. கூட்டினால் 35க்கு மேல் இருக்கிற மட்டும் பராமரித்துக்கொண்டு போகலாம் என்பது அவர் கணக்கு. நான் தாள் திருத்துகிறவள், புள்ளி போடுவது எனக்குப் பழக்கம். ஆனாலும் கூட்டுத்தொகையை மட்டும் நம்புவதில்லை. வலிக்குள்ளேயே மூச்சையும் சேர்த்துத்தான் அவர் வைத்திருக்கிறார். மூச்சு முட்டுகிற நாய்க்கு மற்றதில் எல்லாம் நல்ல புள்ளி வந்து என்ன பயன்?

அப்புறம், வேதனையில்லாமல் உயிரை அடக்குகிற அந்த ஊசி. "வைரவர்ட வாகனம் மனே, கொல்லுறது பாவம்" என்று அம்மா முதலில் ஒரே பிடியாக நின்றார். நான் வாதாடவில்லை. டொக்டர் வீட்டுக்கு வந்தபோது அம்மாவே அவரிடம் கேட்டார், நோகுமா என்று. முதலில் மயக்கத்துக்கு ஒரு ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு நினைவிழக்கும் மருந்தை அளவுக்கு மேல் கொடுப்பது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மூச்சுக்குத் தவிக்கிற நாள் வந்தால் கூப்பிடுவது என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்தோம். நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது அப்படி நடந்தால் எனக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். என் மனத்துக்காக அவள் ஒரு மணித்தியாலம்கூடக் கஷ்டப்படக் கூடாது.

அந்த மருந்து செத்த உடம்பிலும் இருக்குமாம். வேறு நாய்கள் தோண்டித் தின்றால் அவையும் செத்துவிடும், அதனால் குழி ஆழமாக வெட்டச் சொன்னார். எங்கள் வளவு மணல், மாரி தொடங்கினால் கொஞ்சம் தோண்டவே தண்ணீர் ஊறும். தம்பி பின்வேலியோரம் மேடான இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ரோசி வாசலில் கிடந்தவள், வாசல் பக்கம்தான் வேணும் என்கிறார். அது இன்னும் பேசி முடியவில்லை.