லோடு கொடுத்து அளந்தால்தான் தெரியும்: ஒரு டூரிங் பைக்கின் வயரிங் நாட்குறிப்பு

மார்ச் 4

இரட்டை சிலிண்டர் டூரிங் பைக். பேட்டரி 12 ஆம்பியர்-அவர். புகார் மூன்று. சில நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை, ரிலே (சிறு கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) மட்டும் 'டிக் டிக்' என்கிறது. இரவில் எல்லா விளக்கும் போட்டு ஓட்டினால் வெளிச்சம் மங்குகிறது. வளைவில் திரும்பும்போது சில சமயம் மொத்தமும் அணைந்து, மறுநொடியே உயிர் வருகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று நினைத்து இறங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பார்க்கிறோம்.

முதலில் பேட்டரி. அது சரியில்லையென்றால் மற்ற அளவுகள் எதையும் நம்ப முடியாது. முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.75 வோல்ட். சார்ஜரை எடுத்த கையோடு அளந்தால் 13-க்கு மேல் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், கணக்கில் வராது. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 10.6 வரை இறங்கியது. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரி மேல் சந்தேகம். இந்தப் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. நெகட்டிவ் முனையின் போல்ட் மட்டும் கால் சுற்று இறுகியது. டூரிங் வண்டியின் அதிர்வுக்கு இது வழக்கம். ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று.

மார்ச் 5

சார்ஜிங். ஐட்லிங்கில் பேட்டரி முனையில் 13.3. ஹெட்லைட், கூடுதல் விளக்குகள், ஹேண்டில் ஹீட்டர் எல்லாம் போட்டு 5000 ஆர்பிஎம்மில் 12.95. அங்கே 14-க்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். லோடை, அதாவது கரண்ட் இழுக்கும் இவற்றையெல்லாம், அணைத்தால் 13.8-க்கு ஏறிவிடுகிறது. லோடு இல்லாமல் மட்டும் அளந்திருந்தால் 'சார்ஜிங் சரி' என்று எழுதியிருப்போம்.

இந்த இடத்தில்தான் பலரும் ரெகுலேட்டரை (பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் ஸ்டேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் சுருள். அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர் போகும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) கழற்றி, ஸ்டேட்டர் பக்கத்தில் மூன்று சோதனை. ஒன்று, இரண்டிரண்டு வயராக ஓம் பார்ப்பது: 0.4, 0.4, 0.4. மல்டிமீட்டர் (இனி 'மீட்டர்') வயருக்கே 0.2 ஓம் வரை இருக்கும், முனைகளை ஒன்றோடொன்று தொட்டு அளந்து அதைக் கழிக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு மஞ்சளுக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடல்) இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் ஸ்டேட்டர் எரிந்துவிட்டது. மூன்று, இன்ஜினை ஓடவிட்டு ஏசி வோல்ட்: 5000-ல் 64, 64, 63. மூன்றும் சமம் என்பதுதான் முக்கியம். எண் வண்டிக்கு வண்டி மாறும். கை படாமல் அளக்கவும், உதறும் அளவுக்கு வோல்ட் இது.

ஸ்டேட்டர் நலம். அடுத்தது வோல்டேஜ் டிராப் சோதனை: வயரும் இணைப்புகளும் வழியில் எவ்வளவு வோல்ட்டை விழுங்குகின்றன என்று பார்ப்பது. கப்ளர்களை மாட்டியபடியே, முழு லோடில் 5000 ஆர்பிஎம்மில், மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் 0.8 வோல்ட். 0.2-ஐத் தாண்டக் கூடாது. நெகட்டிவ் பக்கம் 0.25, அங்கே 0.1-ஐத் தாண்டக் கூடாது. ரெகுலேட்டர் தன் வாசலில் 14 வோல்ட் இருப்பதாகப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது, பேட்டரிக்கோ 12.95-தான் போய்ச் சேர்கிறது.

மீட்டர் முனையை வயர் நெடுக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தியதில், சீட்டுக்கு அடியிலுள்ள ஒரே கப்ளரில் 0.65 வோல்ட் விழுந்தது. பிரித்தபோது வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி உப்பியிருந்தது. உள்ளே பின் கருத்து, பெண் முனையின் பிடி தளர்ந்து, தொட்டாலே கழன்றது. 18 ஆம்பியர் ஓடும்போது 0.65 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 12 வாட் வெப்பம், கடுகளவு இடத்தில். சூடாக ஆகப் பிடி தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும்.

கருத்த பின்னைத் தேய்த்து மாட்டினால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். ஸ்பிரிங் போன பின் போனதுதான். வெட்டி எறிந்துவிட்டு, 30 ஆம்பியர் தாங்கும் நீர்புகா கப்ளர், 4 சதுர மி.மீ. வயர், சரியான க்ரிம்பிங் கருவி (முனையை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைப்பது). ரெகுலேட்டரின் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி வயர். இப்போது டிராப் 0.12, எர்த் பக்கம் 0.05. முழு லோடில் பேட்டரி முனையில் 14.1.

ஒரு குறிப்பு. ஷன்ட் வகை ரெகுலேட்டர், மிஞ்சும் கரண்டை ஸ்டேட்டருக்குள்ளேயே ஷார்ட் செய்து திருப்பிவிடும். அதனால் விளக்கை அணைத்தாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடையாது, சுருள் சுட்டுக்கொண்டே இருக்கும். சீரீஸ் வகை தேவையில்லாதபோது சுற்றைத் திறந்துவிடும். நீண்ட பயண வண்டிக்கு ரெகுலேட்டர் மாற்ற நேர்ந்தால் சீரீஸ்தான் நல்லது.

மார்ச் 7

நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கும் புகார். சாவி அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டர். முதலில் 10 ஆம்பியர் துளையில், அளவு சிறிது என்று தெரிந்தபின் மில்லி ஆம்பியருக்கு. மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். பிறகு அது பூஜ்யம் காட்டும், கசிவே இல்லையென்று ஏமாந்துபோவோம்.

கன்ட்ரோல் யூனிட் தூங்கப் போகச் சில நிமிடம் கொடுத்தபின் 46 மில்லி ஆம்பியர். கம்பெனி வயரிங் மட்டும் என்றால் ஐந்துக்குள் இருக்க வேண்டும். நாளைக்கு 1.1 ஆம்பியர்-அவர் கசிகிறது. ஐந்தாறு நாளில் பேட்டரியில் பாதி காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். எதற்கும் அளவு இறங்கவில்லை. அப்படியென்றால் கசிவு ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே, பேட்டரியில் நேராகக் கொடுத்த வயரில். யுஎஸ்பி சார்ஜரைக் கழற்றியதும் 3 மில்லி ஆம்பியர். போன் மாட்டாவிட்டாலும் அதற்குள் இருக்கும் கன்வெர்ட்டர் விழித்திருக்கிறது.

தீர்வு ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 செ.மீ.க்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேக்குள் கரண்ட் நுழையும் 30-ஆம் முனை. ரிலே பிடித்தால் கரண்ட் வெளியேறும் 87-லிருந்து சார்ஜருக்கும் கூடுதல் விளக்குகளின் சுவிட்சுக்கும். ரிலேயைப் பிடிக்கவைக்கும் சுருளின் முனைகள் 85, 86. அதில் 85 எர்த். 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர். பலரும் டெயில் லைட் வயரில் எடுப்பார்கள். சாவியில் பார்க்கிங் நிலை உள்ள வண்டியில் அது ஆபத்து: சாவியைக் கையில் எடுத்தபின்னும் டெயில் லைட் எரியலாம், ரிலேயும் கூடவே பிடித்திருக்கும். ஹார்ன் அல்லது பிரேக் சுவிட்சுக்கு வரும் வயரைப் பார்க்கிங் நிலையிலும் சோதித்துவிட்டு அதில் எடுப்பது மேல்.

மார்ச் 8

இரவு முழுக்க நின்றபின் 12.72. மேலே போகலாம்.

மார்ச் 11

திரும்பும்போது அணைவது. இங்கே ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்: இன்ஜின் மட்டும் நிற்கிறதா, வண்டியின் ஸ்பீடோமீட்டரும் ஹெட்லைட்டும் சேர்ந்து போகிறதா? இன்ஜின் மட்டும் என்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கில் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். மொத்தமும் போனால் பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், அவற்றின் வயர். இந்த வண்டியில் மொத்தமும் போகிறது.

சாவி சுவிட்ச் வயரில் மீட்டரின் பீப் (வயர் அறுபடாதவரை ஒலிப்பது) வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியபோது பீப் அறுபடவே இல்லை. வயர் நலம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். அதனால் அந்த வயர் வழியே 21 வாட் பல்பை எரியவிட்டுத் திருப்பினோம். இடது பக்கம் கடைசியில் பல்பு சட்டென்று மங்கியது. ஸ்டியரிங் கழுத்தருகே டேப்பை அறுத்து, வயர்களை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்ததில் சிவப்பு வயர் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உறைக்கு ஒரு கீறல்கூட இல்லை. உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி அறுந்துகிடந்தன. இரண்டு மூன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும். களிம்பு சில செ.மீ. உள்ளே போயிருக்கும். இடையில் 2 சதுர மி.மீ. புது வயர். வளையும் இடத்தில் ஈயம் வைக்கக் கூடாது: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், விறைப்பு முடியும் விளிம்பில் மறுபடி ஒடியும். க்ரிம்ப் செய்து, பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, இணைப்புகள் இரண்டும் வளைவுக்கு வெளியே வரும்படி வைத்தாயிற்று. ஜிப் டை கழுத்தருகே வேண்டாம். வயர் நகர இடம் வேண்டும்.

மார்ச் 15

தண்ணீர் பீய்ச்சிச் சோதித்ததில் புதுப் புகார்: கூடுதல் விளக்கின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது. 20 போட்டுப் பார்ப்பது வயரை எரிக்கும் வழி. விளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் அதே 21 வாட் பல்பு. ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், கரண்டும் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது. வயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வர, டேங்கின் பின் பிராக்கெட்டருகே எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது. அங்கே உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. இணைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டை விட்டு விலக்கிக் கட்டினோம்.

மார்ச் 16

பயணப் பெட்டிக்கு: சிறிய மீட்டர், முனையில் கிளிப் வைத்த 21 வாட் பல்பு, ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸ், மெயின் ஃபியூஸ் ஒன்று கூடுதலாக, ஒரு ரிலே, 2.5 சதுர மி.மீ. வயர் இரண்டு மீட்டர், க்ரிம்ப் முனைகள். ஹேண்டிலில் ஒரு வோல்ட்மீட்டர், ரிலேயின் 87-லிருந்து.

வழியில் சார்ஜிங் நின்றுவிட்டால் கணக்கு இது. இன்ஜெக்ஷன், ஃபியூயல் பம்ப், இக்னிஷன் மூன்றும் சேர்ந்து சுமார் 8 ஆம்பியர். பகலில் ஹெட்லைட் ஃபியூஸைப் பிடுங்கி, ஹீட்டரையும் சார்ஜரையும் அணைத்தால், நிறைந்த 12 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடலாம். நடுவில் இன்ஜினை அணைக்க வேண்டாம், அடுத்த செல்ஃப் எடுக்கத் தெம்பு இருக்காது. வோல்ட்மீட்டர் 11.5-க்கு வந்ததும் ஓரங்கட்ட நல்ல இடம் பார்க்கவும்.