ஹார்ன்சர்ச், ஆகஸ்ட் 1940: டயோரமாவுக்கு லாரி தேடியது

மாடல் விமானம் முடிந்துவிட்டது. ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் 1/48 அளவு (அசலில் 48-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் ஒன்று போர் விமானம், பிரிட்டிஷ் விமானப்படையின் 54-ஆவது ஸ்குவாட்ரனுக்குரிய கேஎல் அடையாள எழுத்துகளோடு மேசையில் நிற்கிறது. இனி அதைச் சுற்றி ஹார்ன்சர்ச் விமானத்தளத்தின் ஒரு மூலையை டயோரமாவாக, அதாவது ஒரு பலகையின் மேல் சின்னக் காட்சியாக, செய்ய வேண்டும். லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸில் இருந்த தளம் அது. கான்கிரீட் ஓடுபாதை கிடையாது, புல்தரைதான். நான் எடுத்துக்கொண்ட காலம் 1940 ஆகஸ்ட் கடைசி வாரம். 31-ஆம் தேதி மதியம் ஜெர்மன் குண்டுவீச்சு நடந்தபோது 54-ஆவது ஸ்குவாட்ரனின் மூன்று ஸ்பிட்ஃபயர்கள் தரையை விட்டு எழும்பும் நேரத்திலேயே சிதறிப்போயின. அவற்றில் இருந்த மூன்று விமானிகளில் ஒருவர் நியூசிலாந்துக்காரர் ஆலன் டீர். மூன்று பேருமே உயிர் பிழைத்தார்கள்.

நான் செய்ய நினைப்பது அந்தக் குண்டுவீச்சை அல்ல. இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே விமானம் இறங்கி, பெட்ரோல் போட்டு, தோட்டா நிரப்பி, மறுபடி கிளம்பும் அந்தச் சில நிமிடங்களை. அந்தக் காட்சியில் பாதி வேலை லாரிக்குத்தான். ஸ்பிட்ஃபயரையும் புல்லையும் மட்டும் வைத்தால் பார்ப்பவருக்கு 1939-உம் 1941-உம் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் வண்டிதான் காலத்தைச் சொல்லும். அதனால் 1940 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வண்டி ஒன்றுகூட இந்தப் பலகையில் ஏறாது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

அந்த ஒரு முடிவிலேயே பட்டியல் பாதியாகிவிட்டது. பிரிட்டிஷ் விமானத்தளம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பெட்ஃபோர்டு க்யூஎல் லாரி. அழகான வண்டி, ஆனால் 1941-இல்தான் உற்பத்திக்கே வந்தது. விமானம் இழுக்கும் டேவிட் பிரவுன் டிராக்டரும் அதே கதைதான். ஆஸ்டின் கே6 தீயணைப்பு வண்டி இன்னும் பிந்தியது. குண்டுவீச்சு விமானங்களை வைத்து 1943, 1944 காட்சி செய்பவர்களுக்கு இவை மூன்றும் சரியாகப் பொருந்தும். எனக்கு வேண்டாம்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் பழைய விமானத்தள வண்டி செட்களான ரீஃபியூலிங் செட், எமர்ஜென்சி செட், ரெக்கவரி செட் எல்லாம் 1/76 அளவு. பலர் அவற்றை 1/72 விமானங்களோடு வைக்கிறார்கள். கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளமுள்ள பெட்ஃபோர்டு க்யூஎல் 1/72-இல் 83 மில்லிமீட்டர் வரும், 1/76-இல் 79. தூரத்தில் நிறுத்தினால் தெரியாது. ஆனால் டயரும் ஓட்டுநர் பொம்மையும் விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்திலேயே வந்தால் கண் உடனே பிடித்துவிடும். என் காட்சியில் லாரி விமானத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 1/48-ஐ எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வண்டியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: ஆல்பியன் ஏஎம்463 ரீஃபியூலர், அதாவது விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்பும் லாரி. ஏர்ஃபிக்ஸ் இதை 1/48-இலேயே போட்டிருக்கிறது. போருக்கு முன்பே விமானப்படையில் இருந்த வண்டி, ஆகவே காலம் இடிக்காது. இதன் சிறப்பு பின்பக்கம் இருக்கிறது. டாங்கியிலிருந்து மூன்று கைகள் வெளியே நீளும், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குழாய் தொங்கும். ஒரே நேரத்தில் மூன்று போர் விமானங்களுக்குப் பெட்ரோல் போடலாம். ஸ்பிட்ஃபயர் மார்க் ஒன்றின் கொள்ளளவு 85 காலன், நம் கணக்கில் 386 லிட்டர். பன்னிரண்டு விமானங்களும் காலி டாங்கியோடு இறங்கினால் ஆயிரம் காலனுக்கு மேல் வேண்டும், அதுவும் அடுத்த சைரன் அடிப்பதற்குள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மூன்று கைகளைப் பார்த்தால்தான் அந்த வடிவமைப்பின் அருமை புரிகிறது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் விமானமே சொல்லிவிடுகிறது. ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் டாங்கிகள் என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் இருக்கின்றன. மூடி, முன் கண்ணாடிக்குச் சற்று முன்னால், மேல் தகட்டில். ஆகவே லாரியின் கை விமானத்தின் இறக்கைக்கு மேலாக அங்கே எட்ட வேண்டும். வெட்டிய அட்டையை லாரியாக வைத்து நகர்த்திப் பார்த்தேன். விமானத்தின் மூக்குக்கு எதிரே, கொஞ்சம் சாய்வாக நிறுத்தினால்தான் ஒரு கை சரியாக எட்டுகிறது, இன்னொன்று அடுத்த விமானம் இருக்கும் திசையை நோக்கி வெறுமனே நீள்கிறது. அந்த வெறுமையான கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பலகைக்கு வெளியிலும் ஒரு விமானம் காத்திருப்பதை அது சொல்லிவிடுகிறது.

குழாய்க்கு மெல்லிய சால்டர் ஈயக் கம்பியை எடுத்தேன். கனமுள்ள ரப்பர் குழாய் எப்படி மடங்கித் தொய்யுமோ அப்படியே வளைகிறது, வளைத்த இடத்தில் நிற்கிறது. பிரைமர் அடித்து, அடர்சாம்பல் பூசி, புல்லில் உரசும் இடத்தில் மட்டும் தூசி நிற பிக்மென்ட் தேய்த்தேன்.

இரண்டாவது வண்டி பெட்ஃபோர்டு எம்டபிள்யூடி, பதினைந்து ஹன்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன் ஏற்றும் சின்ன லாரி. இதுவும் ஏர்ஃபிக்ஸ் 1/48. தோட்டாப் பெட்டிகள் இதில்தான் வருகின்றன. ஸ்பிட்ஃபயரில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. எம்டபிள்யூடி வாங்குபவர்கள் ஓட்டுநர் பகுதியை நன்றாகக் கவனியுங்கள். ஆரம்ப வருஷங்களில் வந்ததில் முழுக் கண்ணாடி கிடையாது. இரண்டு சின்ன மடக்குக் கண்ணாடிகள்தான், கதவுக்குப் பதில் கேன்வாஸ். முழுக் கண்ணாடியும் கதவும் உள்ள வடிவம் போரின் பிற்பகுதிக்குரியது. 1940 காட்சியில் அதை வைத்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

நிறத்தில் அவசரப்படவில்லை. போருக்கு முன் விமானப்படை வண்டிகள் நீலச்சாம்பலில் இருந்தன. 1939-இலிருந்து காக்கிப் பச்சை, அதன் மேல் அடர்பச்சைப் பட்டைகள். டாமியாவின் எக்ஸ்எஃப்-51 காக்கி பெயிண்டில் கொஞ்சம் பச்சை கலந்து அடித்தளம் போட்டேன். பட்டைகளை மாஸ்க் ஒட்டாமல் பிரஷ்ஷாலேயே வரைந்தேன், விளிம்பு கறாராக இல்லாமல் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இருட்டடிப்புக் காலம் என்பதால் மட்கார்டு விளிம்புகளில் வெள்ளை, ஹெட்லைட்டுக்கு மூடி. பின் அச்சில் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் வெள்ளை பூசினேன். இரவில் விளக்கில்லாமல் பின்னால் வரும் ஓட்டுநருக்கு அதுதான் அடையாளம். பலகையில் வைத்த பிறகு யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் அது அங்கே இருந்தாக வேண்டும்.

மூன்றாவதாக டாமியாவின் ஆஸ்டின் டில்லி என்ற சின்ன வண்டி பெட்டியிலேயே இருக்கிறது. 1940-இல் வந்த வண்டிதான், தேதி இடிக்காது. ஆனால் 234 மில்லிமீட்டர் இறக்கை அகலமுள்ள ஸ்பிட்ஃபயரோடு ஆல்பியனும் பெட்ஃபோர்டும் வந்தபின் பலகையில் நெரிசல் தட்டுகிறது. இந்த இடத்துக்கு இன்னொரு வண்டியைவிட, ஸ்பிட்ஃபயரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரித் தள்ளுவண்டிதான் அவசியம். அதைப் பிளாஸ்டிக் ஷீட்டில் நானே வெட்டத் தொடங்கியிருக்கிறேன். சக்கரம் இரண்டும் ஒட்டியாகிவிட்டது, கைப்பிடியும் கேபிளும் பாக்கி.