படத்தின் பின்பக்கம்

அப்பா போன பிறகு அம்மா ஒரு பழைய ஆல்பத்தை என் கையில் கொடுத்தாள். பக்கம் முழுக்கக் கோடு கோடாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. 1970களிலும் 80களிலும் ரொம்பப் புழங்கிய வகை. பசை மஞ்சளாகிப் படங்களோடு இறுகிப் போயிருந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கிழிந்துவிடும்.

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை வைத்து எடுக்கலாம் என்று படித்திருந்தேன். படத்தின் ஒரு மூலையில் நூலை நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்த வேண்டும். அவசரப்படவே கூடாது. ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. நான்காவது படத்தைத் திருப்பினால், பின்பக்கத்தில் பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: "இன்று நாற்காலியை விட்டுவிட்டு ஒரு நொடி நின்றாள். அதைப் படம் எடுக்க முடியவில்லை."

அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிடியை விட்ட அந்த நொடி படத்தில் இல்லை, அப்பாவின் எழுத்தில்தான் இருந்தது. வெகுநேரம் அதையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று பிடித்ததுதான் இந்த ஸ்க்ராப்புக் பழக்கம், அதாவது படங்களையும் ஞாபகத் துண்டுகளையும் ஒட்டி, பக்கத்தில் குறிப்பு எழுதி வைக்கிற புத்தகம். 12 அங்குலச் சதுரத் தாள், கத்தரிக்கோல், பசை, ஒரு பேனா. வாரம் ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. ஸ்டிக்கர், ரிப்பன் எல்லாம் ஆரம்பத்தில் நிறைய வாங்கினேன். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றை ஒட்டி முடிப்பதற்குள் எழுத வேண்டியது மறந்துவிடும். இப்போது முதலில் எழுதுகிறேன், அப்புறம்தான் ஒட்டுகிறேன். போனில் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றை எடுத்து, அதையே ஒரு மணி நேரம் பார்க்கிற சாக்கு எனக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. அன்றைக்கு மழை பெய்ததா, யார் பக்கத்தில் நின்றார்கள், எதற்குச் சிரித்தோம் என்று ஒவ்வொன்றாக மேலே வரும்.

பறிகொடுத்ததும் உண்டு. மகள் பிறந்த அன்று வாங்கிய ஒரு ரசீதை, தேதியும் நேரமும் இருக்கிறதே என்று பத்திரமாக ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். அந்த மாதிரி ரசீதுகளில் மையே கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். நாளாக நாளாக அது வெளுத்துவிடும். நெஞ்சு வலித்தது. இப்போதெல்லாம் ரசீது என்றால் முதலில் நகல் எடுத்துவிடுகிறேன். செய்தித்தாள் துண்டும் அப்படித்தான். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிவிடும். அதனால் அமிலமில்லாத, லிக்னின் இல்லாத தாள்தான் வாங்குகிறேன். நீரிலும் வெளிச்சத்திலும் எளிதில் மங்காத நிறமி மைப் பேனாவும் அப்படித்தான் வந்தது. படங்களுக்குப் பசை கிடையாது. நான்கு மூலையிலும் காகித முக்கோணம் வைத்துச் செருகிவிடுவேன். என் மகள் ஒருநாள் நூலும் கையுமாக உட்கார வேண்டாம். திருப்பிப் பார்க்க நினைத்தால் சும்மா உருவிப் பார்க்கலாம்.

எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. ஏற்கெனவே பசை தடவிய பக்கங்களோடு, ஈரப்படுத்தினால் ஒட்டிக்கொள்கிற ஸ்க்ராப்புக்குக்கு 1873இல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். பசையோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன வாரப் பக்கத்தில் மகளின் படம், அவள் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள். கை ஆடியதில் கலங்கலாக விழுந்த படம், இருந்தாலும் அதைத்தான் எடுத்தேன். கீழே, "மூன்று தடவை விழுந்தாள், நான்காவது தடவை தெருமுனை வரை போய்விட்டாள்" என்று எழுதி, மை காயட்டும் என்று திறந்தே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது என் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் கோணல்மாணலாக இன்னொரு வரி இருந்தது: "ரெண்டு தடவைதான் விழுந்தேன். மூணாவது நானே இறங்கினேன்."

அதை அப்படியே விட்டுவிட்டேன்.