மறுபடியும் கோடியக்கரை

டிசம்பர் கடைசி வாரம் கோடியக்கரை போவதாக முடிவு. தங்கல் வேதாரண்யத்தில். காலைச் சாய்வெயிலில், புல்வெளி நடுவே, முறுக்குக் கொம்போடு ஒரு கறுத்த ஆண் வெளிமான். அந்த ஒரு படம் கிடைத்தால் போதும் எனக்கு.

போன தடவை 200 எம்எம் லென்ஸை நம்பிப் போனேன். பூநாரைக் கூட்டம் தண்ணீருக்கு அப்பால் வெறும் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் பதிந்தது. இந்த முறை 600 எம்எம் லென்ஸ் வாடகைக்குச் சொல்லியாச்சு. உப்புக்காற்றில் லென்ஸின் முகப்புக் கண்ணாடி பிசுபிசுத்துவிடும். பனியன் துணியால் துடைத்துக் கீறல் வாங்கியது தனிக்கதை.

அப்புறம், சேறு. காய்ந்த தரை மாதிரிதான் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். ஒரு செருப்பை அங்கேயே விட்டு வந்தவன் சொல்கிறேன்.

காரில் ஒரு இடம் காலி. நாலு மணிக்கு எழுந்திருப்பவர்கள் மட்டும் இன்பாக்ஸ் வரவும்.