ரூஸ் தெருவின் சொந்தக்காரர்

சிட்னியில் ஹாரிஸ் பார்க் போய் விக்ரம் தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்தால் ரூஸ் தெரு வரும். பல வருஷம் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கிருக்கும் பழைய பண்ணை வீட்டை ஒருநாள் சுற்றிப் பார்த்தபோதுதான், ஜேம்ஸ் ரூஸ் என்பவர் கன்னம் வைத்துத் திருடியதற்காகத் தீவாந்தரம் அனுப்பப்பட்ட கைதி என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

முதல் இரண்டு வாரம் வீண். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதால் அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் ரூஸ், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால்காரர். நீங்கள் தேடுவதாக இருந்தால் தீர்ப்பு எந்த ஊரில் ஆனது என்பதை முதலில் பாருங்கள். இவருக்கு பாட்மின், 1782 ஜூலை. திருடியதில் முக்கியமானவை இரண்டு வெள்ளிக் கடிகாரங்கள், மதிப்பு 5 பவுண்டு. அதற்குத் தூக்கு! பிறகு ஏழு ஆண்டுத் தீவாந்தரமாகக் குறைத்தார்கள்.

தண்டனையில் 'ஆப்பிரிக்கா' என்றிருந்ததைப் பார்த்து, வேறு ஆளைப் பிடித்துவிட்டேனோ என்று குழம்பினேன். ஆள் சரிதான். விடுதலைப் போரால் அமெரிக்காவுக்குக் கைதிகளை அனுப்பும் வழி அடைபட்டிருந்த காலம் அது. ஆப்பிரிக்காவுக்கும் அவர் போகவில்லை. பிளிமத்தில் மிதக்கும் சிறையாக நின்ற டன்கிர்க் கப்பலில் கிடந்து, ஸ்கார்பரோ கப்பலில் 1788 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தார்.

தண்டனைக் காலம் தீர்ப்பு நாளிலிருந்து ஓடும் என்பதும் எனக்கு முதலில் தெரியாது. வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணி, 1795 வரை கைதி என்று குறித்து வைத்திருந்தேன். உண்மையில் 1789லேயே முடிந்துவிட்டது. ஆனால் அதைக் காட்ட அவர் கையில் தாள் இல்லை; தண்டனை விவரங்கள் கப்பலோடு வரவில்லை. அந்த நவம்பரில் ஆளுநர் ஆர்தர் பிலிப், பயிர் செய்து காட்டு என்று பரமட்டா அருகே நிலத்தில் இறக்கிவிட்டார். 1791இல் 30 ஏக்கர் ரூஸ் பேருக்கு எழுதப்பட்டது. அந்த மண் பரமட்டகல் என்ற பழங்குடி மக்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவும் அரசாங்கம் எழுதி வைத்தது. ரூஸ் பேசுவதைக் கேட்க, வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரி 1793இல் வெளியிட்ட நூலுக்குத்தான் போக வேண்டும். பண்ணைக்கே போய், மண்ணை எப்படிப் பக்குவம் செய்தாய் என்று கேட்டு எழுதியிருக்கிறார். விழுந்து கிடந்த மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்திக் கலந்தேன், புல்லையும் களையையும் உள்ளே புதைத்தேன், வைக்கோலையும் மக்கக்கூடிய எல்லாவற்றையும் குழியில் போடப் போகிறேன் என்கிறார் ரூஸ். எல்லாம் கைக்கொத்து. படிக்கும்போது என் தாத்தா எருக்குழியைக் காட்டிப் பேசுவதுபோலவே இருந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

1793இல் அந்த நிலத்தை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு 40 பவுண்டுக்கு விற்றுவிட்டார். ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அந்த ஹாரிஸால் வந்தது. 1828 கணக்கெடுப்பில், எழுபதை நெருங்கும் ரூஸ் இன்னொருவர் பண்ணையில் மேற்பார்வையாளர். அந்த வரியைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது.

1837இல் இறந்தார். கேம்பல்டவுனில் அவர் கல்லறை வாசகத்தைப் படித்தேன். என்னைத் தாய் அன்போடு வளர்த்தாள், மிகவும் பாடுபட்டாள், இந்தக் காலனிக்கு வந்து முதல் தானியத்தை நான் விதைத்தேன் என்கிறது. 'ஃபர்ஸ்ட்' என்பது 'ஃபோர்ஸ்ட்' ஆகியிருக்கிறது, 'காலனி'யிலும் எழுத்துப்பிழை. கடிகாரங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மனைவி எலிசபெத் பெர்ரியும் கைதிதான், லேடி ஜூலியானா கப்பலில் 1790இல் வந்தவர். அந்த நிலத்தில் அவர் உழைப்பும் இருந்திருக்கும். இப்போது அவரைத் தேடத் தொடங்கியிருக்கிறேன், இந்த முறை தீர்ப்பான ஊரிலிருந்து.