படி இறங்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஃபிசியோ வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி ஏழு வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடிக்கடி விழுகிறான், பள்ளியில் மாடிப்படி ஏற அழுகிறான், சோம்பேறியாகிவிட்டான் என்பது அவர் புகார். "காலைப் பாருங்க ஐயா, பந்து விளையாடுறவன் காலு மாதிரி இருக்கு, ஏற மட்டும் மாட்டேங்கிறான்" என்று சிலுவாரைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால் நிஜமாகவே உருண்டு திரண்டிருந்தது. நான் தொடையில்தான் பலமில்லை என்று முடிவுகட்டி, படி ஏறி இறங்கும் பயிற்சியும் தினம் முப்பது தோப்புக்கரணமும் போடச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது பையன் முன்னைவிடத் தளர்ந்திருந்தான். சிறுநீர் தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர், நிறத்தில் போகிறது என்றார் பாட்டி. அன்றைக்குத்தான் அவனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். குப்புறத் திரும்பினான், கைகளை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கினான், ஒரு கையை முழங்காலிலும் இன்னொன்றைத் தொடையிலும் வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் நிமிர்ந்தான். 1879இல் கவர்ஸ் என்ற மருத்துவர் விவரித்த அதே அடையாளம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் முதல் நாள் அரை நிமிஷம் ஒதுக்கி அவனை உட்கார்ந்து எழச் சொல்லத் தோன்றவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

சரி, என்ன நடக்கிறது உள்ளே? ரத்தத்தில் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற நொதியின் அளவைப் பார்த்தார்கள், சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது பதினாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அது தசைக்குள் இருக்க வேண்டிய பொருள், தசை கிழிந்தால்தான் இவ்வளவு வெளியே ஒழுகும். அப்புறம் மரபணுச் சோதனையில் டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று உறுதியானது. எக்ஸ் குரோமோசோமில் 79 துண்டுகளாக இருக்கும் ஒரு மரபணு பழுதாகி, டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாமல் போகிற நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

பாட்டிக்கு நான் லயன் வீட்டுக் கூரையை வைத்துச் சொன்னேன். தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஆணி. ஆணி இல்லையென்றாலும் தகரம் கூரையில் கிடக்கும், ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும் தூக்கி அடிக்கும், கிழியும், மழை உள்ளே வரும். தசை நாரின் மேலுறையை உள்ளே சுருங்கி விரியும் பாகத்தோடு பிடித்திருக்கும் ஆணி டிஸ்ட்ரோஃபின். அது இல்லாததால் தசை வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் உறை கிழிகிறது, கால்சியம் மளமளவென்று உள்ளே புகுந்து நாரையே அரிக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. உடம்பு சும்மா இருப்பதில்லை, சரிசெய்துகொண்டே இருக்கும், ஆனால் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுப் போட்டு ஒரு கட்டத்தில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும்தான் மிஞ்சும். பாட்டி பெருமையோடு காட்டிய கெண்டைக்காலின் பருமன் பெரும்பாலும் அதுதான்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. தசை சுருங்கும்போதைவிட, பாரம் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் அதிகம் கிழிகிறது. படி ஏறுவதைவிட இறங்குவது மோசம், தோப்புக்கரணத்தில் உட்காருகிற பாதி மோசம். நான் கொடுத்த பயிற்சி முழுக்க அதுதான். நேர்த்திக்கடனுக்குப் பத்துமலைக்குப் போவதாகக் குடும்பத்தார் சொன்னபோது, 272 படியையும் அவனைத் தூக்கிக்கொண்டே ஏறுங்கள், இறங்கும்போது எக்காரணம் கொண்டும் கீழே விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவன் அப்பா தோளில் வைத்தே கொண்டுவந்தார்.

இப்போது நான் அவனுக்குச் செய்வதெல்லாம் குதிகால் இறுகாமல் தினமும் இழுத்துவிடச் சொல்லிக்கொடுப்பது, ராத்திரி காலில் கட்டும் மட்டையைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான். டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார். மலிவான மாத்திரை, நோயை மாற்றாது, அழற்சியைத் தணித்து நடக்கிற காலத்தை இரண்டு மூன்று வருஷம் நீட்டித் தரும். முகம் உப்புகிறது என்று பாட்டி ஒருமுறை திடீரென்று நிறுத்திவிட்டார், பையன் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. குறைப்பதென்றால் டாக்டர் சொல்படி மெதுவாகத்தான்.

அவன் அப்பா ஃபோனில் பார்த்ததையெல்லாம் கொண்டுவருவார். "அண்ணே, ஒரே ஊசியில சரியாயிடுமாமே?" அந்த ஊசி நல்ல மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி உடம்புக்குள் அனுப்புவது. டிஸ்ட்ரோஃபின் மரபணு மகா நீளம், அந்த வைரஸுக்குள் முழுசாகக் கொள்ளாது, அதனால் சுருக்கிய வடிவத்தை ஏற்றுகிறார்கள். 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, விலை முப்பது லட்சம் டாலருக்கு மேல். 2025இல் அந்தச் சிகிச்சை பெற்று, நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். பழுதான இடத்துக்கு அடுத்த துண்டைத் தாண்டி மரபணுவை உடம்பு படிக்கவைக்கும் மருந்தும் 2016 முதல் இருக்கிறது, ஆனால் 51ஆம் துண்டைத் தாண்டும் அந்த மருந்து நூற்றில் பதின்மூன்று பேருக்குத்தான் பொருந்தும். இதையெல்லாம் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்த மட்டைய நல்லா கட்டுவோம்ணே" என்றார்.

பள்ளிக்கு நானே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவன் வகுப்பு மாடியில் இருந்தது. அவர் அதிகம் பேசவில்லை, மறுவாரமே வகுப்பைக் கீழே மாற்றிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான், அவன் எந்த வகுப்புக்குப் போகிறானோ அந்த வகுப்பு கீழே வந்துவிடுகிறது. இந்த வருஷம் நாலாம் வகுப்பு, கேண்டீனுக்குப் பக்கத்து அறை.