பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கிய சாவி வாட்ச்

கிருஷ்ணகிரியில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு எதற்கு சுவிஸ் வாட்ச் என்று கேட்காத ஆளில்லை. அதுவும் ஓசூரில் டைட்டன் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு.

நான் வாங்கியது பெரிய கம்பெனி வாட்ச் இல்லை. இரண்டு உதவியாளர்களோடு ஒருவர் நடத்தும் சின்னப் பட்டறையில் செய்தது. இப்படித் தனியாகக் கடிகாரம் செய்கிறவர்கள் 1985-இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். பேட்டரி கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து 'டிக்'.

மெயில் போட்டேன். பதில் வரவே பன்னிரண்டு நாள் ஆனது. பணம் மூன்று தவணை: ஆர்டரின்போது ஒன்று, வேலை ஆரம்பிக்கும்போது ஒன்று, அனுப்பும் முன் மீதி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் புரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே தரும் விலைச் சீட்டு, கேட்டார்கள். அதில் என் பெயர் பான் கார்டில் உள்ளபடி இல்லாததால் திருத்தி வாங்க ஒரு வாரம் போனது. நீங்கள் வாங்கினால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பதினான்கு மாதக் காத்திருப்பு. நடுவில் ஒருநாள் ஒரு போட்டோ அனுப்பினார். உள்ளே சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் பாலத் தகடுகளின் விளிம்பைச் சாய்வாக இழைத்து மெருகேற்றியிருந்தார். தகடு உள்பக்கமாக மடங்கும் மூலையில் இரண்டு சாய்வும் கத்தி முனைபோல் சந்தித்தன. சுழலும் கட்டரால் அந்த மூலை வராது, வட்டமாகத்தான் நிற்கும். அரத்தை வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும். நான் காயிலைச் சுற்றி நூல் கட்டி வார்னிஷ் போட்டு மூடிய பிறகு அந்தக் கட்டை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, போட்டோவைப் பார்த்ததும் மீதிப் பணத்தைப் பற்றிய கவலை போய்விட்டது.

பார்சல் பெங்களூரு வந்ததும் கூரியரில் இருந்து பான், ஆதார், பணம் கட்டிய ரசீது எல்லாம் கேட்டார்கள். வரியைப் பற்றிப் பேசினால் இன்னும் வயிறு எரியும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இன்ஷூரன்ஸ் கிடைக்கும். வீட்டில் மட்டும் நான் பாதி விலைதான் சொன்னேன்.

மூன்று வாரம் ஒரு நாளைக்கு நான்கு நொடி வேகமாக ஓடியது. கையால் செய்த வாட்சுக்கு அது தங்கம். திடீரென்று ஒருநாள் மூன்று நிமிடம் முன்னே போனது. வயிற்றில் புளி கரைத்தது. மெயில் போட்டேன், இந்த முறை அன்றே பதில்: "பக்கத்தில் திசைகாட்டி வைத்துப் பாருங்கள்." வாஸ்து பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றை வாங்கி வைத்தேன். முள் வாட்சின் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

காந்தம் ஏறிவிட்டது. ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடை மேஜையில் போல்ட் சிதறாமல் இருக்க ஒரு காந்தத் தட்டு வைத்திருக்கிறேன். வாட்சைக் கழற்றி அதன் ஓரத்தில்தான் வைத்திருக்கிறேன், முட்டாள்.

காந்தம் எடுக்கும் கருவி என்பது ஏசி கரண்ட் ஓடும் காயில்தான், என் தொழிலே அது. ஆனாலும் வாட்சின் விலையை நினைத்ததும் நானே செய்துபார்க்கக் கை நடுங்கியது. ஓசூர் மத்திகிரியில் வாட்ச் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்தேன். வாட்சைக் கருவிமேல் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஒரு கை தூரம் தூக்கி, அப்புறம்தான் பட்டனை விட்டார். அவ்வளவுதான். திசைகாட்டி முள் அசையவில்லை.

காசு வாங்கவில்லை. லூப் என்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பின்பக்கக் கண்ணாடி வழியே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்டார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

லூப்பை எடுக்காமலே கேட்டார்: "வீட்ல எவ்வளவுன்னு சொல்லி வச்சிருக்கீங்க தம்பி?"